படகில் கூலி வாங்கியவன் துடுப்புப் பிடிக்கலாகாது

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6ஆம் திகதி கலிபோர்னியாவில் கிளோடியா வில்கன் என்னும் நீதிபதி ஓர் இணக்கத் தீர்வுக்கு ஒப்புதல் அளித்தார். அதன்படி அமெரிக்கக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் தத்தம் அணிகளில் விளையாடும் மாணவர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். அதே ஆண்டு ஜூலை முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த இவ்வேற்பாட்டில், முதலாண்டில் ஒரு நிறுவனம் ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டொலர் வரை பகிர்ந்தளிக்கலாம் என்று எல்லை வகுக்கப்பட்டது. 2016 முதல் விளையாடியவர்களுக்கு இழப்பீடாக ஏறத்தாழ 280 கோடி டொலர் வழங்கவும் உடன்பாடு ஏற்பட்டது. கல்லூரிக்காக விளையாடுபவன் அதற்கெனக் காசு வாங்கலாகாது என்று நூறாண்டுகளுக்கு மேலாகக் காவல்தெய்வம்போல் நின்ற விதி ஒரு கையொப்பத்தோடு சரிந்தது.

அச்செய்தியைப் படித்தபோது எனக்கு வல்வெட்டித்துறை நினைவுக்கு வந்தது. அமெரிக்க நீதிமன்றம் எங்கே, வடமராட்சியின் வடகரையில் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அச்சிற்றூர் எங்கே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கல்லூரி விளையாட்டை ஆண்டுவந்த ‘அமெச்சூர்’ என்னும் கோட்பாடு பிறந்த கதையை அறிந்தால் இத்தொடர்பு விளங்கும். அக்கதை ஒரு படகுப் போட்டியில் தொடங்குகிறது.

‘அமெச்சூர்’ என்பது பிரெஞ்சு மொழிவழி ஆங்கிலத்துக்கு வந்த சொல். நேசிப்பவன் என்பது அதன் பொருள். ஊதியத்துக்காக அன்றி, விளையாட்டின்மேல் உள்ள விருப்பத்துக்காகவே விளையாடுபவன் என்று அதற்கு விளக்கம் சொல்வர். அழகான சொல்தான். ஆனால் அச்சொல்லைச் சட்டமாக எழுதிவைத்தவர்கள் யாரை உள்ளே விட்டார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்று பார்த்தால் அவ்வழகு சற்றுக் குறையும்.

இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையில் ஹென்லி என்னும் ஊரில் ஆண்டுதோறும் படகுப் போட்டி நடைபெறும். 1879இல் அதன் நிர்வாகிகள் அமெச்சூர் படகோட்டி யார் என்பதற்கு ஒரு வரையறை எழுதினர். பணப் பந்தயத்தில் கலந்துகொண்டவன் அமெச்சூர் அல்லன். உடற்பயிற்சி கற்பித்துப் பிழைப்பவனும் அல்லன். இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் அது காசைப் பற்றிய விதி என்று கொள்ளலாம். அவர்கள் மேலும் இரண்டு சேர்த்தனர். படகிலோ படகைச் சார்ந்த வேலையிலோ எப்போதாவது கூலி பெற்றவன் அமெச்சூர் அல்லன். கைவினைஞனாகவோ கூலித் தொழிலாளியாகவோ இருப்பவனும், என்றேனும் இருந்தவனும் அமெச்சூர் அல்லன். போட்டியில் அவன் ஒரு சதமேனும் வாங்கியிருக்க வேண்டியதில்லை. கையால் உழைத்துச் சாப்பிட்டிருந்தாலே போதும், அவனுக்கு அனுமதியில்லை.

இப்போது வல்வெட்டித்துறையை நினைத்துப் பாருங்கள். பாய்க்கப்பல் கட்டுவதும், அதில் சரக்கேற்றி நாகபட்டினத்துக்கும் பர்மியத் துறைமுகங்களுக்கும் ஓட்டுவதும், மீன்பிடிப்பதும் தலைமுறை தலைமுறையாக வாழ்வாக இருந்த ஊர். தண்டையல் முதல் பாய் கட்டும் பையன்வரை எல்லோரும் படகிலே கூலியோ பங்கோ பெற்றவர்கள். ஹென்லியின் விதிப்படி அவ்வூரில் துடுப்புப் பிடிக்கத் தகுதியுடையவர் எவரும் இருந்திருக்க முடியாது. கடலை நன்கறிந்தவன் என்பதே அவனுடைய தகுதிக் குறைவு.

இவ்விதி வெறும் காகிதத்தில் இருந்ததன்று. 1920இல் அமெரிக்கரான ஜாக் கெலி ஹென்லியின் தனியாள் படகுப் போட்டிக்கு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டனர். அவர் சார்ந்த கழகத்தின் மீதிருந்த பழைய தடை ஒரு காரணம்; அவர் இளமையில் செங்கல் அடுக்கும் கொத்தன் வேலை செய்தவர் என்பது மற்றொரு காரணம். அதே ஆண்டு அன்ற்வேர்ப் ஒலிம்பிக்கில் ஹென்லி வெற்றியாளரை முந்தித் தங்கம் வென்றார் கெலி. 1936இல் பேர்லின் ஒலிம்பிக்குக்கு வந்த அவுஸ்திரேலிய அணியினர் பொலிஸ்காரர்கள் என்பதால் ஹென்லியில் அவர்களுக்கும் இடம் மறுக்கப்பட்டது. அந்த அவப்பெயருக்குப் பின்னரே 1937இல் கைத்தொழிலாளர்மீதிருந்த தடை நீங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு, 1938இல், வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை அவ்வூர் மாலுமிகள் சூயெஸ் கால்வாய் வழியாகச் செலுத்தி, அத்லாந்திக்கைக் கடந்து, அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தனர். முந்திய ஆண்டுவரை ஹென்லியின் சின்னஞ்சிறு ஆற்றுப் பாதையில் படகோட்டத் தகுதியற்றவர்களாக அவ்விதி கருதிய வகுப்பைச் சேர்ந்தவர்கள் அவர்கள்.

இந்தக் கோட்பாடு அமெரிக்கக் கல்லூரிகளுக்குச் சென்றபோது வேறு வேடம் பூண்டது. அங்கே முதன்முதலாக இரு கல்லூரிகள் ஒன்றோடொன்று மோதிய போட்டியும் படகுப் போட்டிதான். 1852இல் ஹார்வார்ட் மாணவர்களும் யேல் மாணவர்களும் நியூ ஹாம்ஷயர் மாநிலத்து ஏரியொன்றில் போட்டியிட்டனர். அதற்கு ஏற்பாடு செய்து மாணவரின் செலவை ஏற்றது ஒரு ரயில் கம்பனி. போட்டியைப் பார்க்க வருவோரால் பயணச்சீட்டு விற்கும் என்பது அதன் கணக்கு. ஆக, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு பிறந்த அன்றே காசும் உடன் பிறந்தது. அந்தக் காசு மாணவனின் கையில் மட்டும் சேரலாகாது என்பதுதான் பின்னால் விதியாயிற்று.

கால்பந்தாட்டத்தில் மாணவர்கள் பலர் உயிரிழந்ததை அடுத்து 1906இல் கல்லூரிகள் கூடி ஒரு சங்கம் அமைத்தன. 1910 முதல் அது என்.சி.ஏ.ஏ. எனும் பெயரில் இயங்குகிறது. 1956இல் விளையாட்டுத் திறனுக்காகவே படிப்புச் செலவையும் உணவு உறைவிடத்தையும் கல்லூரி வழங்கலாம் என்று அச்சங்கம் இசைந்தது. ஆனால் அதைச் சம்பளம் என்று அழைக்கலாகாது. அதற்கு முந்திய ஆண்டு கொலராடோ மாநிலத்தில் ரே டெனிசன் என்னும் மாணவர் ஆட்டத்தின்போது தலையில் அடிபட்டு இறந்திருந்தார். வேலையிலே இறந்த தொழிலாளிக்குரிய நட்டஈட்டை அவருடைய மனைவி கேட்டார். அவர் தொழிலாளி அல்லர் என்று 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்தது. ‘மாணவ விளையாட்டு வீரன்’ என்னும் சொற்றொடர் இத்தகைய கோரிக்கைகளுக்கு எதிரான கேடயமாகவே பரப்பப்பட்டது. அதைப் பரப்பிய சங்கத் தலைவர் வோல்ரர் பையர்ஸ் பிற்காலத்தில், 1995இல், தாமே நூலெழுதி அந்த முறையைக் கண்டித்தார்.

இவ்விதியால் மிகவும் அடிபட்டவர் ஜிம் தோர்ப். அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்த அவர் கார்லைல் இந்தியப் பாடசாலையின் மாணவர். 1912 ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து அம்சப் போட்டியிலும் பத்து அம்சப் போட்டியிலும் தங்கம் வென்றார். 1909, 1910ஆம் ஆண்டுகளின் கோடை விடுமுறையில் அற்பச் சம்பளத்துக்கு அவர் பேஸ்போல் ஆடியிருந்தார் என்று தெரியவந்ததும் 1913இல் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. கல்லூரி மாணவர் பலர் அக்காலத்தில் அவ்வாறு ஆடிச் சம்பாதித்தவர்களே. வசதியும் உலக அனுபவமும் உள்ளவர்கள் புனைபெயரில் ஆடினர். தோர்ப் தன் சொந்தப் பெயரில் ஆடினார். ஆட்சேபம் முப்பது நாட்களுக்குள் எழுப்பப்பட வேண்டும் என்ற விதியும் இருந்தது. அது கவனிக்கப்படவில்லை. அவர் இறந்து ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழிந்து, 1982இல், பதக்கங்களைத் திருப்பித்தர முடிவாயிற்று. தனி வெற்றியாளர் என்ற முழுப் பெருமை 2022இல்தான் அவருக்கு மீண்டது.

இனி நமது ஊருக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்றால் அது பாடசாலை. தமிழகத்து வாசகர்களுக்கு இது சற்றுக் குழப்பமாக இருக்கும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி, பரியோவான் கல்லூரி, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி, வல்வெட்டித்துறை சிதம்பராக் கல்லூரி ஆகிய யாவும் சிறுவர் பயிலும் பாடசாலைகளே. ஆதலால் எமது கல்லூரி விளையாட்டு என்பது பாடசாலை விளையாட்டாகும். அமெரிக்காவில் பல்கலைக்கழக அணிக்கு இருக்கும் ஊர்ப்பற்றும் பழம்பெருமையும் இங்கே பாடசாலை அணிக்கு உண்டு. மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்டம் 1904இல் தொடங்கியது. போர்க்காலத்தில் சில ஆண்டுகள் தடைப்பட்டபோதிலும் நூறாண்டைக் கடந்து ‘வடக்கின் போர்’ என்ற பெயரோடு நிலைத்துவிட்டது. அந்த மூன்று நாட்களுக்காகவே ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறை எடுத்து வருபவர்கள் உண்டு.

துடுப்பாட்டத்தையும் உதைபந்தாட்டத்தையும் எமக்குக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயரும் மிஷனரிமாருமே. ஆட்டத்தோடு அவர்களுடைய அமெச்சூர் ஒழுக்கமும் வந்து சேர்ந்தது. விளையாட்டு ஒழுக்கத்தைப் பயிற்றும், காசு அதைக் கெடுக்கும் என்று எமது ஆசிரியர்கள் மனதார நம்பினார்கள். எமது சொந்த விளையாட்டுகளுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. வழுக்கு மரத்தின் உச்சிக்கு ஏறியவன் அங்கே கட்டியிருந்த பணமுடிப்பை அவிழ்த்து மடியில் செருகிக்கொண்டு இறங்குவான். மாட்டுவண்டிச் சவாரியில் வென்றவன் பரிசோடு வீடு திரும்புவான். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலன்று நடைபெறும் பட்டப்போட்டியில் மாதக்கணக்காக மூங்கில் சீவி வித்தை காட்டியவன் பரிசு பெறுவதை யாரும் இழிவாக நினைத்ததில்லை. அவன் பட்டத்தை நேசிக்கவில்லை என்று எவரேனும் சொல்லத் துணிவரோ?

பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் பாடசாலை விளையாட்டுச் செய்திகளுக்குப் பின்னால் வரும் முறைப்பாட்டுக் கடிதங்களை நிறையப் படித்திருக்கிறேன். அவை பெரும்பாலும் இரண்டே வகை. ‘அந்த அணியில் ஆடியவனுக்கு வயது கூடிவிட்டது’ என்பது ஒன்று. ‘அவன் அந்தப் பாடசாலையில் படிப்பவனே அல்லன், ஆட்டத்துக்காகச் சேர்க்கப்பட்டவன்’ என்பது மற்றொன்று. ஒரு மாணவன் காசு வாங்கினான் என்று ஒரு கடிதமும் கண்டதாக எனக்கு நினைவில்லை. மக்களின் நியாய உணர்வு எங்கே தைக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பதினைந்து வயதுப் பையனை எதிர்த்து இருபது வயது இளைஞனை இறக்குவது அநீதி. படிக்காத ஒருவனை மாணவன் என்று காட்டுவது பொய். வயது எல்லையும் ‘உண்மையான மாணவன்’ என்ற நிபந்தனையும் ஆட்டத்தைக் காப்பவை. அவற்றைக் காசு பற்றிய விதியோடு ஒரே தட்டில் வைத்துப் பார்த்ததுதான் நெடுங்காலக் குழப்பம்.

ஆனால் ‘உண்மையான மாணவன்’ என்ற நிபந்தனைக்கும் ஒரு பழைய நிழல் உண்டு. அதை மறைத்து எழுதுவது வரலாறாகாது. கல்லூரி அணியில் ஆட மாணவனாக இருக்க வேண்டும் எனில், மாணவனாக யாரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதே முதற்கேள்வி. 1945இல் இலவசக் கல்வி வரும்வரை ஆங்கிலக் கல்லூரிகளில் படிக்கக் கட்டணம் வேண்டும். வெள்ளைக் காற்சட்டையும் சப்பாத்தும் வேண்டும். அதற்கு மேலே சாதி என்னும் தடை நின்றது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக ஆசனத்தில் அமரலாம் என்ற ஏற்பாட்டை எதிர்த்து யாழ்ப்பாணத்தில் பாடசாலைகள் எரிக்கப்பட்டன. வாங்கில் அமர விடாதவர்கள் அணியில் ஆட விடுவார்களா? ஹென்லி நிர்வாகிகள் தங்கள் தடையை எழுத்தில் வைத்தார்கள். எமது சமூகம் எழுதாமலே வைத்திருந்தது. பழைய அணிப் படங்களில் கைகட்டி அமர்ந்திருக்கும் பதினொருவரைப் பார்க்கும்போதெல்லாம் அப்படத்துக்கு வெளியே நின்றவர்களையும் எண்ணிக்கொள்வது எனது வழக்கம்.

அந்தக் கல்லூரி ஏணி ஏறக் கிடைத்தவர்களுக்கு அது எவ்வளவு உயரம் காட்டியது என்பதற்கு நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் சான்று. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவரான அவர் உயரம் பாய்தலில் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கிலும் இலங்கையின் சார்பில் பங்குபற்றினார். 1958இல் டோக்கியோவில் 2.03 மீற்றர் பாய்ந்து, ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தைப் பெற்றுத் தந்தார். 1962இல் வெள்ளியும் வென்றார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பயின்று அங்கும் பாய்ந்தவர். பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பரிசுப்பணம் என்பதே இல்லாத காலம் அது. அவருக்குப் பாய்ச்சலால் கிட்டிய செல்வம் கல்விதான். கல்லூரி விளையாட்டின் பழைய ஒப்பந்தம் நேர்மையாக நிறைவேறிய இடங்களும் உண்டு என்பதை மறுக்கக்கூடாது. மாணவனின் உழைப்புக்குப் பட்டம் உண்மையாகவே கைமாறாகக் கிடைத்தால் அதில் குறைசொல்ல அதிகமில்லை. அரங்கு நிறைந்த வருமானம் ஒருபுறமும், பட்டமும் இன்றி முழங்காலும் உடைந்து வெளியேறும் மாணவன் மறுபுறமுமாக நின்றபோதுதான் அமெரிக்காவில் வழக்குகள் எழுந்தன.

வல்வெட்டித்துறையின் வீரர்களுக்கு அப்படிப்பட்ட ஏணியும் இருக்கவில்லை. கடலில் நீந்துவது எந்தக் கல்லூரியின் இல்ல விளையாட்டுப் போட்டியிலும் இல்லை. அதற்குக் கிண்ணம் இல்லை, அணிப்படம் இல்லை, தகுதி விதியும் இல்லை. 1954இல் தொண்டைமானாற்றைச் சேர்ந்த முருகுப்பிள்ளை நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து இறங்கிக் கோடிக்கரைவரை பாக்குநீரிணையை 27 மணித்தியாலத்தில் நீந்திக் கடந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதைக் கடந்துவிட்டிருந்தது. இந்தியாவின் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திப் புகழ்பெற்றது 1966இல்.

பின்னர் வந்தவர் ஆழிக்குமரன் ஆனந்தன். விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன் என்பது முழுப்பெயர். 1943இல் வல்வெட்டித்துறையில் பிறந்தவர். தொழிலால் சட்டத்தரணி. 1971இல் பாக்குநீரிணையைப் போகவும் வரவுமாக 51 மணித்தியாலத்தில் நீந்தி முடித்தார். இருவழியும் நீந்திய முதல் மனிதர் அவரே. அதன்பின் அவருக்குப் போட்டியிட ஆளில்லை. போட்டி நடத்தச் சங்கமும் இல்லை. ஆகவே தனக்கான களத்தைத் தானே வகுத்துக்கொண்டார். 1979 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணித்தியாலம் 28 நிமிடம் இறங்காமல் சைக்கிள் ஓட்டினார். மறு ஆண்டில் 33 மணித்தியாலம் ஒற்றைக்காலில் நின்றார். கின்னஸ் புத்தகம் இவற்றைப் பதிந்துகொண்டது. இவற்றையெல்லாம் வேடிக்கைச் சாதனைகள் என்று ஒதுக்கியவர்கள் அன்றும் இருந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உடலின் எல்லை எங்கே முடிகிறது என்று பார்க்கத் துடித்த ஒருவனுக்கு, எந்தக் கல்லூரியின் பெயரும் எந்தச் சங்கத்தின் சின்னமும் இல்லாமல் கிடைத்த ஒரே அளவுகோல் கடிகாரம்தான்.

1984 ஓகஸ்ட் 6ஆம் திகதி, ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் ஆனந்தன் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 41.

அதே கால்வாயை முதன்முதலில் நீந்திக் கடந்தவர் மத்தியூ வெப். 1875 ஓகஸ்ட் மாதம், 21 மணித்தியாலம் 45 நிமிடத்தில் கரை சேர்ந்தார். அவர் வணிகக் கப்பலில் பணியாற்றிய கப்டன். நான்காண்டுகள் கழித்து எழுதப்பட்ட ஹென்லி விதி இவரையும் வெளியே நிறுத்தியிருக்கும். கப்பலில் கூலி பெற்றவர் அல்லவா? இங்கிலாந்தே கொண்டாடிய அந்த மனிதர் பிழைப்புக்காகத் தொட்டிகளில் மிதந்தும் பந்தயம் கட்டியும் காலங்கழித்து, 1883இல் நயாகராவின் சுழிப்பில் பணத்துக்காக இறங்கி இறந்தார். காசுக்காக நீந்தியவரும் இறந்தார், காசை எண்ணாமல் நீந்தியவரும் இறந்தார். தண்ணீர் இருவருக்கும் ஒன்றே. ஒருவரை ‘தொழில்முறையாளர்’ என்று தாழ்த்தவும் மற்றவரை ‘அமெச்சூர்’ என்று உயர்த்தவும் எனக்கு மனம் வரவில்லை. இருவரையும் பார்த்துக் கைதட்டியவர்களுக்கு அவர்கள்மீது ஏதேனும் கடன் இருந்ததா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அமெச்சூர் என்ற சொல் இப்போது ஒவ்வொரு வாயிலாக விடைபெற்றுச் செல்கிறது. இங்கிலாந்துத் துடுப்பாட்டத்தில் ‘கனவான்கள்’ என்றும் ‘ஆட்டக்காரர்கள்’ என்றும் இருந்த பிரிவை 1962இன் இறுதியில் ஒழித்தார்கள். ஒலிம்பிக் சாசனத்தின் தகுதி விதியிலிருந்து அச்சொல் 1974இல் நீங்கியது. உலக மெய்வல்லுநர் சம்மேளனம் 2001இல் தன் பெயரிலிருந்தே அதை எடுத்துவிட்டது. கடைசிக் கோட்டையாக நின்றது அமெரிக்கக் கல்லூரிதான். 2021 ஜூன் 21ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பால் அதில் முதல் ஓட்டையைப் போட்டது. மிச்சம் 2025இல் முடிந்தது.

எமது பாடசாலை மைதானங்களிலும் காலம் மாறிவிட்டது. அர்ஜுன ரணதுங்க 1982இல் இலங்கையின் முதலாவது டெஸ்ட் போட்டியில் ஆடியபோது 18 வயது நிரம்பிய ஆனந்தாக் கல்லூரி மாணவர். பாடசாலை மாணவன் நாட்டுக்காக ஆடுவது அன்று பெருமையாக இருந்தது. அதில் காசுப் பேச்சு எழவில்லை. 2020 டிசெம்பரில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி அணியில் வளர்ந்த விஜயகாந்த் வியாஸ்காந்த், தன் பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முதல் நாள், லங்கா பிரிமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காகப் பந்து வீசினார். முதல் விக்கெற்றாக ஆஞ்சலோ மத்தியூஸை வீழ்த்தினார். 2024இல் ஐ.பி.எல். போட்டியிலும் ஆடினார். கோலூன்றிப் பாய்தலில் தேசியச் சாதனையைப் பலமுறை முறியடித்த அனித்தா ஜெகதீஸ்வரன் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் பயின்றவர். அவர் ஊன்றிய கோல் பல சாதாரணக் குடும்பங்களால் வாங்கிக் கொடுக்கக்கூடிய பொருளன்று. துடுப்பாட்டத்தில் லீக் காத்திருக்கிறது. கோலூன்றிப் பாய்பவளுக்கு அப்படி எதுவும் காத்திருக்கவில்லை. காசு வருவதும் வராததும் வீரத்தைப் பொறுத்தன்று, சந்தையைப் பொறுத்தது.

புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் பழைய மாணவர்களுக்கு இவ்விடத்தில் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். நீங்கள் அனுப்பும் பணத்தால் மைதானங்கள் திருந்தியுள்ளன, பார்வையாளர் அரங்குகள் எழுந்துள்ளன. நன்றிக்குரிய செயல்தான். ஆனால் கல்லூரிப் பெருமைக்காக அடுத்த ஊர்ப் பாடசாலையின் சிறந்த ஆட்டக்காரனைப் புலமைப்பரிசில் காட்டி இழுத்துவரும் ஆசை தலைதூக்குமானால் அது அமெரிக்கா நூறாண்டு நடந்து களைத்த பாதை. தெற்கிலே பாடசாலை றகர் அணிகளில் இவ்வகை ஆளிழுப்பு எவ்வளவு பூசலைக் கிளப்பியது என்பதைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். பையன் போன ஊரில் வெற்றி ஒன்று கூடும். அவன் விட்டுவந்த ஊரில் அணியே இல்லாமற் போகும்.

அதற்காக மாணவனின் கையில் காசே படலாகாது என்ற பழைய மந்திரத்தையும் திரும்ப ஓத வேண்டியதில்லை. விடியற்காலையில் தகப்பனோடு கடலுக்குப் போய், வலை இழுத்து, தன் பங்கை வாங்கிக் கொண்டு எட்டு மணிக்குப் பாடசாலைக்கு ஓடிவரும் ஒரு பையனை எண்ணிப் பாருங்கள். மாலைப் பயிற்சிக்கு அவன் வராவிட்டால் அக்கறையில்லாதவன் என்று பெயரை வெட்டிவிடுவது எளிது. அவனுடைய காலையுணவுக்கும் சப்பாத்துக்கும் போட்டிக்குப் போகும் பஸ் காசுக்கும் வழி செய்வது அவனை விலைக்கு வாங்குவதாகாது. ஆட வந்தவனையும் ஆட வர முடியாதவனையும் அது ஒரே கோட்டில் நிறுத்தும்.

என் கருத்தில் தகுதி விதிகளுக்கு ஒரே உரைகல்தான் உண்டு. இந்த விதி ஆட்டத்தைக் காக்கிறதா, அல்லது ஆட வருபவனைத் தடுக்கிறதா? வயது எல்லை ஆட்டத்தைக் காக்கிறது, இருக்கட்டும். உண்மையில் அப்பாடசாலையில் படிக்கிறானா என்ற கேள்வியும் காக்கிறது, இருக்கட்டும். ஆள் பிடிப்பதற்கு எதிரான விதி சிறிய பாடசாலையைக் காக்கிறது, அதை இறுக்கவும் செய்யலாம். அவன் என்ன வேலை செய்கிறான், அவனுக்கு யார் உதவினார்கள், வென்றால் என்ன பெற்றான் என்று துருவும் விதி யாரைக் காக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். 1879இல் ஹென்லியில் அதற்குக் கிடைத்த விடை மிகத் தெளிவானது. படகிலே வளர்ந்தவனிடம் தோற்றுவிடாமல், படகை வாடகைக்கு எடுத்தவனைக் காத்தது.